இடைவேளையில் அரைத்த அரிசி

பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்றாவது வரைக்கும்தான் போனேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் அடுத்தவர் மில்லில் மூட்டை தூக்கினவன், முப்பத்தாறு வயதில் உத்திரமேரூரில் சொந்தமாக ரைஸ் மில் போட்டேன். மூட்டை அழுத்திய தழும்பு முதுகில் இன்னும் இருக்கிறது. கேட்டால் சட்டையைக் கழற்றிக் காட்டுவேன், கேட்காவிட்டாலும் காட்டியிருக்கிறேன். என் மில்லில் அரைத்த பச்சரிசியைக் கையில் அள்ளினால் ஒரு முனை உடைந்திருக்காது, மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். பெருநகர் கிராமத்து வண்டிகள் வழியில் இரண்டு மில்லைத் தாண்டிக்கொண்டு என் வாசலுக்கு வரும். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இடம் கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆன ஒருவர் எங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பூர்வீகம் இங்கேதான் என்றார். முப்பது வருஷமாகப் பூர்வீகத்துக்கு ஒரு தபால் கார்டு போடாதவர், வந்த மூன்றாம் மாதமே ஊருக்கு ரசனை போதாது என்று கண்டுபிடித்துவிட்டார். ரசனையை வளர்க்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். சங்கத்துக்குத் தலைவர் அவர், செயலாளர் அவர், கூட்டம் கூடினால் பேசுகிறவரும் அவர். ஆபீசர் என்றுதான் ஊரில் சொல்வோம்.

ஆபீசருக்கு மெட்ராஸில் சில வெள்ளைக்காரர்களைத் தெரியும். பிடில் வாசிக்கிற இரண்டு பேர், காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரிய பிடில்காரர் ஒருவர், பாடுகிற ஒரு அம்மாள், ஆக நாலு பேர். வசந்த காலத்துக்கென்று அவர்கள் தேசத்தில் தனியாகப் பாட்டுகள் இருக்கின்றனவாம். அதை மைதானத்தில் பாட மாட்டார்களாம். ஒரு அறைக்குள் ஐம்பது அறுபது பேரை உட்காரவைத்து, மைக் இல்லாமல் பாடவேண்டும். அதுதான் அந்தப் பாட்டுக்கு மரியாதையாம். பங்குனியில் எங்கள் ஊரில் கச்சேரி என்று முடிவு செய்துவிட்டு அறை தேடினார்.

பங்குனியில் எந்தக் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும்? பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கோயிலில் உற்சவம். கடைசியில் என் மில்லுக்கு வந்தார். அதுவரை என்னை வழியில் பார்த்தால் குடையை என் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்கிறவர்.

மில்லை ஒட்டி எனக்கு ஒரு கிடங்கு. நீளம், நல்ல உயரம். மூட்டை காலியான நாளில் உள்ளே ஒருவன் தும்மினால் மூன்று பேர் தும்மின மாதிரி கேட்கும். ஆபீசர் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அற்புதமான இடம். இதுல போய் நெல்லைப் போட்டு வச்சிருக்கீங்களே!"

"நெல்லு போடலன்னா இந்த இடமே வந்திருக்காது சார்," என்றேன்.

வாடகை வேண்டாம் என்றேன். நோட்டீசில் என் பெயர், முன் வரிசையில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் கேட்டேன். அவர் பங்குக்கு ஒன்று கேட்டார். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மெஷின் ஓடக்கூடாது.

"ஓடாது சார். நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்," என்றேன்.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. என் கிடங்குக்குக் 'கலை அரங்கம்' என்று பெயர் வைத்திருந்தார். மில் என்ற சொல்லே அதில் இல்லை. என் பெயர் கடைசியில், அச்சாபீஸ் விலாசத்துக்கு ஒரு வரி மேலே இருந்தது. கணக்கப்பிள்ளையை மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். மூன்று முறையும் அதே இடத்தில்தான் வந்தது.

தவிட்டுத் தூசி போக மூன்று முறை கிடங்கைக் கழுவிவிட்டேன். மைக் செட் கடைக்காரன் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றான். "மைக்கு இல்லாத கச்சேரியா? சாவு வூட்டுக்கே நாலு கொழா கட்றோம் மொதலாளி. வெளிய தெரிஞ்சா ஊரு மானம் பூடும்," என்று அங்கலாய்த்துவிட்டுப் போனான். அவன் சொன்னதில் எனக்கும் கொஞ்சம் சம்மதம்தான். கூப்பிடு தூரத்துக்குக் கூடக் கேட்காத பாட்டை எதற்குப் பாடுவது?

கச்சேரி அன்று காலையில் பெருநகரிலிருந்து ஒரு அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். இரண்டு ஏக்கரையும் தானே நின்று பயிர் பார்க்கிறவள். மூன்று மூட்டை நெல், பச்சரிசியாக அரைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம், மறுநாள் விடிந்தால் சமையல்காரன் வந்து அரிசி எங்கே என்று கேட்பான்.

"மாப்ள வூட்டுக்காரங்க இப்பவே பேசிக்கினுகீறாங்கண்ணா. ஆம்பள இல்லாத வூடு, இன்னா சோறு போட்ரப் போறாங்கன்னு. சோறு எலையில பூவாட்டம் வுழணும். அதுக்குத்தான் ரெண்டு மில்லத் தாண்டி உன்னாண்ட வந்துகீறேன்."

"நாலு மணிக்குக் கரண்டு வரும்மா. அஞ்சரைக்கு உன் அரிசி உன் வண்டில ஏறும்."

"நம்பலாமாண்ணா?"

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்."

அந்த வாரம் எங்கள் பக்கத்துக்குப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு விட்டு எட்டு மணிக்குப் பிடுங்கிவிடுவார்கள். மறுபடி எப்போது என்பது ஆண்டவனுக்கும் லைன்மேனுக்கும்தான் தெரியும். அன்றைக்கு நாலு மணிக்கு வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. அந்த அம்மாள் மூட்டை மேல் உட்கார்ந்து, மில்லில் தொங்குகிற பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு வேன் வந்தது. வெள்ளைக்காரர்கள் நாலு பேரும் வெயிலில் வெந்து தக்காளி நிறத்தில் இறங்கினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். யூனியன் சேர்மன், டாக்டர், ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர். ரசனை இருக்கிறதோ இல்லையோ, நாற்காலி யார் பக்கத்தில் என்பதில் எல்லாருக்கும் அக்கறை இருந்தது. எனக்கு வரிசையின் ஓரம், மில்லுக்குப் போகிற கதவை ஒட்டி. பக்கத்தில் இரும்புக் கடை பாய், என் பழைய சிநேகிதர். அவருக்கு அழைப்பு இல்லை. நாற்காலிகளை எடுத்து வந்தவர் என்ற முறையில் ஒன்றில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் எழுந்து நின்று எங்களுக்குச் சட்டதிட்டம் சொன்னார். மொத்தம் பத்துப் பாட்டு. ஐந்து முடிந்ததும் பத்து நிமிஷம் இடைவேளை. பத்தும் சேர்ந்துதான் ஒரே படைப்பு. அதனால் நடுவில் யாரும் கை தட்டக்கூடாது. இருமக்கூடாது. விசிறிக்கூடாது.

"மூச்சு வுடலாமான்னு கேளு," என்றார் பாய்.

சரியாக ஆறு மணி. பாடுகிற அம்மாள் கையைக் கோத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். முதல் சத்தம் வந்த அதே நேரம் மில் பக்கம் பல்பு எரிந்தது.

கரண்ட் வந்தால் எந்த மில்காரனுக்கும் முகம் மலரும். எனக்கு அன்றைக்கு மலரவில்லை. ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன், அந்தப் பக்கம் இன்னொரு வார்த்தை. நடுவில் என் நாற்காலி.

பாட்டை ஆபீசர் ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கினார். "பனி உருகுகிறது. மெல்லிய வெயில் வந்துவிட்டது, வா, வெளியே போகலாம் என்று அவளை அழைக்கிறான்." பங்குனி மாதத்தில், விசிறவும் கூடாமல், கூரையின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டோம். டாக்டர் கைக்குட்டையைப் பிழிந்தார். ஹெட்மாஸ்டர் முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே தூங்கியதால் ஆபீசருக்கு அவரிடம் பெரிய மரியாதை உண்டாயிற்று.

மூன்றாவது பாட்டு முடிந்து சத்தம் நின்றதும் சேர்மன் எழுந்தார். அவருக்கு அச்சிறுபாக்கத்தில் வேறு கூட்டம் இருந்தது. ஆள் உயரச் சம்பங்கி மாலையைப் பாடுகிற அம்மாள் கழுத்தில் போட்டு, பெரிய பிடில்காரருக்குப் பொன்னாடை போர்த்தி, விருந்தோம்பலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் புறப்பட்டார். கை தட்டக்கூடாது என்ற சட்டம் இருந்ததால் அவருக்கும் யாரும் தட்டவில்லை. அரசியலில் அவருக்கு விழுந்த முதல் அடி அதுதான் என்று நினைக்கிறேன். அந்த அம்மாளுக்கு மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியவில்லை. நாலாவது பாட்டை மாலையோடேயே பாடினாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் சம்பங்கி ஏறி இறங்கியது.

அப்போது என் கால்பக்கம் யாரோ வந்து குந்தினார்கள். பெருநகர் அம்மாள்.

"கரண்டு வந்து சும்மா கெடக்குதுண்ணா. இன்னும் எத்தினி பாட்டுகீது?"

"இது நாலாவது. இன்னும் ஆறு."

"ஒன்னொன்னையும் இந்தம்மா இஸ்து இஸ்து பாடுதே. வெரசாப் பாடச் சொல்லேன்."

"அப்டிச் சொல்லக் கூடாதும்மா. அதுதான் அந்தப் பாட்டு."

"எட்டு மணிக்குக் கரண்டு பூடும். என் பொண்ணு கல்யாணத்துக்கு இந்தம்மா வந்து சோறாக்குமா?"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். அவள் அந்தப் பார்வைக்கெல்லாம் எழுந்துபோகிறவள் இல்லை. என் நாற்காலிக் காலைப் பிடித்தபடி, பாடுகிறவளின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிடங்கில் அத்தனை கவனமாகப் பாட்டுக் கேட்டது அவள் ஒருத்திதான். எப்போது முடியும் என்பதற்காகக் கேட்டாள்.

ஐந்தாவது பாட்டு முடிந்தபோது மணி ஏழு அடித்து ஐந்து நிமிஷம். ஆபீசர் "இடைவேளை" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நான் மில்லுக்குள் இருந்தேன்.

மூன்று மூட்டையைப் பச்சரிசியாக அரைக்க இரண்டு ஓட்டம் விடவேண்டும். முதல் ஓட்டத்தில் உமி கழலும். மறுபடி கொட்டி இரண்டாவது ஓட்டம் விட்டால் அரிசி வெளுக்கும். அவசரப்படாமல் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெஷினுக்குள் இருக்கிற பிளேடை நெருக்கி வைத்தால் ஒரே ஓட்டத்தில் உமியும் போகும், வெளுப்பும் வரும், பாதி நேரத்தில் முடியும். ஆனால் அரிசி உடையும். இது மூட்டை தூக்குகிறவனுக்குக் கூடத் தெரியும்.

"ரெண்டு ஓட்டம் வுட நேரம் கெடையாது. பிளேட நெருக்கு," என்றேன் மெஷின் டிரைவரிடம்.

"நொய்யாப் பூடும் மொதலாளி. கல்யாண அரிசி."

"நீ எத்தினி வருசமா மிஷின் பாக்கற? நான் எத்தினி வருசமா பாக்கறேன்? தள்ளு."

நானே ஸ்பேனரைப் பிடுங்கி நெருக்கினேன். சுவிட்சைப் போட்டேன். பெல்ட் அலறியது. கிடங்குச் சுவர் அதிர்ந்து, அந்தப் பக்கம் காபி டம்ளர்கள் ஆடினவாம். ஆபீசர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன மிஸ்டர் இது? வாக்கு கொடுத்தீங்களே!"

"இடைவேளைல ஓடக்கூடாதுன்னு நீங்க சொல்லல சார்."

"பத்து நிமிஷம்தான் இடைவேளை!"

"பத்துல முடிஞ்சிரும் சார்," என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் அது எனக்குக் கேட்காததால் அவருக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

பெரிய பிடில்காரர் பொன்னாடையோடு வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தாடி முழுக்கத் தவிடு. பெல்ட் தாளத்துக்குக் காலைத் தட்டினார். இன்றைக்கு இந்த மெஷின்தான் உருப்படியாக வாசிக்கிறது என்று அவர் சொன்னதாக ஊரில் பிறகு ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்.

இனிமேல்தான் என் பெருமைக்கு இடம் கிடைக்காத பகுதி வருகிறது. எனக்குப் பாட்டு தெரியாது; ஆனால் அரிசி விழுகிற சத்தம் தெரியும். முழு அரிசி சாக்கில் விழுந்தால் சலசல என்று இருக்கும். நொய் விழுந்தால் மணல் கொட்டுகிற மாதிரி சத்தமே அமுங்கிப்போகும். அன்றைக்கு மணல் கொட்டியது. கையை நீட்டி ஒரு பிடி அள்ளினேன். பாதிக்குப் பாதி உடைசல். டிரைவர் என் முகத்தைப் பார்த்தான். நான் அந்தப் பிடியைச் சாக்கிலேயே போட்டேன்.

பெருநகர் அம்மாள் வெளியே வண்டிக்காரனை எழுப்பிக்கொண்டிருந்தாள். சாதாரணமாக என் மில்லில் யாரும் தங்கள் அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் மூட்டை கட்ட விடமாட்டார்கள். அவள் உள்ளே வருவதற்குள் இரண்டு சாக்கு அரிசியின் வாயையும் நானே கட்டினேன். கூலிக்காரன் வேலையை முதலாளி செய்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம்.

"சொன்ன மாதிரியே பண்ணிக் குடுத்துட்டண்ணா. கல்யாணத்துக்கு வந்துரணும். வரலன்னா வூட்டாண்ட வந்து இஸ்துக்கினு போவேன்," என்றாள். வண்டி கிளம்பியபோது ஏழே முக்கால்.

கிடங்குக்குத் திரும்பினால் முன் வரிசையோடு பின் வரிசைகளும் காலி. டாக்டர், மேனேஜர், ஹெட்மாஸ்டர் எல்லாரும் இடைவேளையையே முடிவாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாற்காலிகளில் என் மில் ஆட்கள், தலையோடு கால் தவிடு படிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் யாரையும் எழுப்பிவிடவில்லை. எழுப்பினால் வெள்ளைக்காரர்களும் அவரும்தான் மிச்சம்.

பாட்டு மறுபடி தொடங்கிற்று. எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பாய் ஓடிப்போய்க் கடையிலிருந்து பெட்ரோமாக்ஸ் கொண்டு வந்தார். அது உஸ்ஸென்று இரைந்தது. ஆபீசர் அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். அங்கே வைத்தால் பிடில்காரர்களுக்குப் பாட்டு எழுதின தாள் தெரியவில்லை. உள்ளே கொண்டுவரச் சொன்னார். இப்படி இரண்டு பாட்டு முழுக்க பெட்ரோமாக்ஸ் உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது. பாடுகிற அம்மாள் நிறுத்தவில்லை. நன்றாகத்தான் பாடியிருப்பாள். என் காதில் மணல் கொட்டுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

பத்தாவது பாட்டு முடிந்தது. அவள் குனிந்து வணங்கினாள். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டினால் சட்டத்துக்கு விரோதம். இது முடிவா நடுவா என்று சொல்ல வேண்டிய ஆபீசர் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டு வாசலில் இருந்தார். நாலு பேரும் குனிந்தது குனிந்தபடி நின்றார்கள்.

"முடிஞ்சுதா, இன்னும் கீதா?" என்றார் பாய்.

நான்தான் முதலில் தட்டினேன். அந்தப் பெருமையையாவது சொல்லி வைக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது; வீட்டு வாசலுக்கு வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்று சொன்னவள். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தாள், மில்காரரை நாலு பேர் பார்க்கட்டும் என்று. சோறு விழுந்தது. விழவில்லை, ஒட்டிக்கொண்டது. குழைந்து, கட்டி கட்டியாக, கரண்டியை விட்டு வரமாட்டேன் என்றது.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு உருண்டையை விரலால் தூக்கிக் காட்டினார். "இன்னாமே இது, கல்யாணச் சோறா, ஒடம்பு சரியில்லாதவனுக்கு ஆக்கற கஞ்சியா?"

பந்தி அமைதியாயிற்று. ஆபீசர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், அப்படிப்பட்ட அமைதி. அந்த அம்மாள் பருப்பு வாளியோடு நின்றாள். சோற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானே சாக்குகளின் வாயைக் கட்டினது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அது சாதா அரிசி இல்ல மாமா," என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "இத்தோ, மில்காரரு வெள்ளக்காரம்மாளக் கூட்டியாந்து பாட வெச்சிக்கினே அரைச்சாரு. பாட்டுல சொக்கி அரிசி ஒடைஞ்சி பூட்ச்சி. நம்ப இன்னா பண்றது, இந்த ஜில்லாவுலயே பாட்டுக் கேட்ட அரிசி இதான். நல்லாப் பெசஞ்சி துன்னுங்க."

பெரியப்பாவே சிரித்துவிட்டார். பந்தி சிரித்தது. கல்யாணம் தப்பியது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு அவளே கொண்டு வந்து போட்டாள், கேட்காமலே, நிறைய.

மறுநாள் என் கையால் பார்த்துப் பார்த்து இரண்டு ஓட்டம் விட்ட அரிசியில் இரண்டு மூட்டையை மெஷின் டிரைவரோடு வண்டியில் அவள் வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. மூட்டைகள் அப்படியே இருந்தன. நான் கட்டின முடிச்சு கூட அவிழவில்லை.

"இன்னாடா சொல்லுச்சு அந்தம்மா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "இத்த வெச்சி இன்னொரு கச்சேரி வெக்கச் சொல்லுச்சு மொதலாளி."

அடுத்த அறுப்புக்கு அவள் வண்டி பெருநகர் ரோட்டில் வந்தது. நான் வாசலில்தான் நின்றிருந்தேன். வழியில் இருந்த இரண்டு மில்லையும் தாண்டி வந்தது. என் மில்லையும் தாண்டிப் போயிற்று. தாண்டும்போது வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னாள். மாடு நடையைக் குறைத்தது. நான் மூட்டைகளை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு மெதுவாகவே போனது.